பக்கத்துக் கட்டில்காரர்

தன் வீட்டை விட்டு மாமியார் போய்விடக்கூடாதே என்று ஒரு மருமகன் தவித்ததை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? நம் லிஃப்ட் மெக்கானிக் ஒரு வாரமாக அப்படித்தான் தவித்துக்கொண்டிருந்தார். வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். சொல்லாமல் இருந்தால் வயிறு எரிந்தது. இத்தனைக்கும் காரணம் ஒரு தட்டு பாஸ்தா.

மாமியார் முப்பது வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே, மெக்கானிக்கின் மனைவியான மூத்த மகளின் வீட்டோடு வந்துவிட்டார். ஆறு வருஷம் ஓடிவிட்டது. மூத்த மகளுக்கு மருந்துக்கடையில் வேலை, காலை ஒன்பதுக்குப் போனால் வீடு திரும்ப ஏழாகிவிடும். மெக்கானிக்குக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட். இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து, கையிலிருக்கும் கிரீஸை சோப்புத்தூள் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பார். அந்த வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. பொறுப்பு என்று மற்றவர்கள் சொல்லுவார்கள், அவருக்கு அது பெருமை.

மூன்று மணிக்கு அவரும் மாமியாரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். லிஃப்ட் குழிக்குள் காலையெல்லாம் பேச்சுத்துணைகூட இல்லாமல் கம்பியும் கப்பியுமாகக் கிடந்துவிட்டு வருகிறவருக்கு, நாளிலேயே பிடித்த நேரம் அதுதான். மாமியார் ஆஸ்பத்திரிக் கதை சொல்வார், எதிர்வீட்டுச் சண்டையை நடித்துக் காட்டுவார், இவர் சட்டையில் பொத்தான் போனதைக் கண்டுபிடித்துத் திட்டுவார். சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்த மனிதர். அந்தத் திட்டுக்காகவே சில நாள் பொத்தான் இல்லாத சட்டையைத் தேடிப் போட்டுக்கொள்வார் என்று மனைவி கேலி செய்வாள்.

ஒரே ஒரு குறை. ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது அந்த அம்மா அவர் சமையலை "நல்லாயிருக்கு" என்று சொன்னதில்லை. "உப்பு ஒரு கல்லு தூக்கல்." "மீனு இன்னும் ஒரு நிமிஷம் வெந்திருக்கலாம்." இதற்கு மேல் போகாது. தட்டு மட்டும் காலியாகிவிடும். சரி, சுபாவமே அப்படி, நாக்கில் அந்த வார்த்தை கிடையாது போல என்று மெக்கானிக் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது. இளைய மகள் புதுவீடு குடிபோனாள். தரைத்தளம், தனி அறை, வாசலில் இரண்டே படி. மாமியார் பத்து நாள் போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்த அன்று மெக்கானிக் பார்த்துப் பார்த்துச் செய்த மீனை ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, சாவகாசமாகச் சொன்னார்:

"சின்ன மாப்பிள்ள இறால் போட்டு ஒரு பாஸ்தா செஞ்சாரு. இத்தாலிக்காரங்க செய்யற மாதிரி, நல்ல காரமா. ரொம்ப நல்லாயிருந்துச்சு."

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் அந்த வார்த்தை இந்த அம்மாவின் நாக்கில் இருந்திருக்கிறது! ஆறு வருஷம் பத்திரமாக வைத்திருந்து, கொண்டுபோய்க் கொடுத்திருப்பது யாரிடம்? சகலையிடம். அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். பல்குத்தும் குச்சி அளவுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க கண்ணாடிக்குக் காது முடுக்குகிறவன். கல்யாணமான புதிதில் வெந்நீர் வைக்கப் போய்க் கெண்டியைக் கருக்கியவன். அவனுக்கு 'ரொம்ப' வேறு!

"சின்னவ என்னை அங்கயே வந்து இருக்கச் சொல்றா" என்று மாமியார் தொடர்ந்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் இங்க வர்றாங்க. அன்னிக்கு முடிவு சொல்றேன்னிருக்கேன்."

மீன் அதற்கு மேல் மெக்கானிக்குக்கு இறங்கவில்லை.

மாலையில் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். அவள் செருப்பைக் கழற்றியபடியே கேட்டுக்கொண்டாள்.

"அம்மாவுக்கு முட்டி வலிங்க. மூணு மாடி ஏறி இறங்க முடியல. அதான்."

"முட்டி ஆறு மாசமா வலிக்குது. பாஸ்தா போன வாரம்தானே வந்துச்சு? இதுலேருந்து என்ன தெரியுது?"

"உங்களுக்கு மூளை கொழம்பிப் போச்சுன்னு தெரியுது."

ஊரையெல்லாம் லிஃப்டில் ஏற்றி இறக்குகிறவர் குடியிருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படி. அக்கம்பக்கத்தில் அது தினசரி நகைச்சுவை. மாமியார் வாரத்துக்கு ஒரு முறை கீழே இறங்குவார், ஏறிவர அரை மணி நேரம் ஆகும். இதெல்லாம் மெக்கானிக்குக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பொறாமை பிடித்தவனிடம் போய் முட்டியைப் பற்றிப் பேசினால் எடுபடுமா? அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் இறால்தான். அதே பாஸ்தாவை அவனைவிட ஒரு படி மேலாகச் செய்து ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முன்னாலேயே பரிமாறுவது, அந்த வார்த்தையை வாங்குவது, மாமியாரைத் தக்கவைத்துக்கொள்வது. திட்டம் அவ்வளவுதான்.

மறுநாள் பணிமனையிலிருந்து சகலைக்கு போன் போட்டார். கௌரவம் விடுமா? கண்ணாடியில் ஆரம்பித்தார்.

"படிக்கறப்ப கொஞ்சம் மங்கலா தெரியுது."

"கடைக்கு வாங்கண்ணா, பார்த்துடலாம்."

"வரேன் வரேன். அது சரி... இறாலை எப்பப் போடுவீங்க?"

"இறாலா? ஓ, பாஸ்தாவுக்கா?" என்றது அந்தப் பக்கம். பிறகு சகலை எல்லாவற்றையும் சொன்னான். இறால் தலைகளை வீசிவிடக்கூடாது, ஆலிவ் எண்ணெயில் போட்டு நசுக்கி வதக்கினால் சாரெல்லாம் எண்ணெயில் இறங்கும். பிறகு தலையை எடுத்துவிட்டுப் பூண்டு, வரமிளகாய், தக்காளி. பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி. இறாலைக் கடைசியில் போட்டு இந்தப் பக்கம் ஒரு நிமிஷம், அந்தப் பக்கம் ஒரு நிமிஷம்.

"அதுக்கு மேல விட்டா ரப்பர்தான். சீஸ் மட்டும் தூவிடாதீங்க. இறாலுக்கு சீஸ் போட மாட்டாங்களாம்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் மெக்கானிக். அவருக்குத் தெரியாது.

"நீங்க எதுக்குண்ணா இதெல்லாம் புதுசா கத்துக்கணும்? உங்க கைக்கு என்ன குறைச்சல்?" என்றான் சகலை. குரலில் ஏதோ ஒரு புளிப்பு. பார்த்தாயா, ஜெயித்தவன் திமிர் என்று மெக்கானிக் எடுத்துக்கொண்டார்.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம். புதிதாக எதைப் பொருத்தினாலும் சோதித்துப் பார்க்காமல் ஆளை ஏற்றக்கூடாது. முதலில் காலிப் பெட்டியை ஓட்டி, அப்புறம் இரும்புக் கட்டிகளை ஏற்றி ஓட்டி, எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் எழுதி, அதற்குப் பிறகுதான் மனிதர்கள். வீட்டில் சோதித்துப் பார்த்தால் மாமியாருக்கு வாசனை தெரிந்துவிடும். எனவே பணிமனையிலேயே, டீ போடும் கரண்ட் அடுப்பில் சோதனை நடந்தது. நாலு நாள். சாப்பிட்டுப் பார்த்தது உடன் வேலை செய்யும் ஆறு பேர். ஆளுக்கு ஒரு நாள் இறால் வாங்கி வரவும் போட்டி போட்டார்கள்.

முதல் நாள் வரமிளகாய் மூன்று போட்டார். ஃபோர்மேன் ஒரு வாய் தின்றுவிட்டு, "யாருக்குய்யா உடம்பு சரியில்ல?" என்றார். இரண்டாம் நாள் ஏழு. "பரவால்ல, குழந்தைங்க சாப்பிடலாம்" என்றார் வயர்மேன். மூன்றாம் நாள் பன்னிரண்டு. நாலாம் நாள் பதினெட்டு போட்டு, விதையைக்கூட எடுக்காமல் இடித்துத் தூவியபோதுதான் வயர்மேன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "இப்பத்தான்யா சாப்பாடு!" என்றார். ஆறு பேரும் தட்டை வழித்து நக்கினார்கள். மெக்கானிக் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தே போட்டுவிட்டார்.

இந்த ஆறு பேரும் யார்? கொதிக்கக் கொதிக்க டீயைத் தண்ணீர் மாதிரி ஊற்றிக்கொள்கிறவர்கள். வருஷக்கணக்கில் புகையிலை அடக்கி அடக்கி நாக்கை மரக்கட்டையாக்கி வைத்திருப்பவர்கள். அந்த நாக்குகளை வைத்து ஓர் ஓய்வு பெற்ற நர்ஸுக்குக் காரம் அளந்தார் நம்மவர். மெக்கானிக் செய்கிற தப்பு இது. சமையல்காரன் செய்யமாட்டான்.

அதோடு விட்டாரா? ஏழு பேருக்குப் பதினெட்டு என்றால் ஐந்து பேருக்குப் பதின்மூன்று என்று ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டார். ஆனால் லிஃப்டில் கயிறு போடும்போது தேவைக்கு மேல் பல மடங்கு பலமாகப் போட்டே பழகிய கை. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இன்னும் நாலு சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. சகலை காலருள்ள சட்டையில், கையில் பழக்கூடையோடு வந்தான். மச்சினி வந்ததும் வராததுமாக அம்மாவின் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். மெக்கானிக் யாரையும் சமையலறைப் பக்கம் அண்டவிடவில்லை. இறாலின் முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை உருவி எடுத்து, ஈரம் போகத் துணியில் ஒற்றி வரிசையாக அடுக்கினார். தலைகளை எண்ணெயில் போட்டதும் எண்ணெய் செம்மஞ்சளாக மாறி, வீடே கடற்கரையாகிவிட்டது. பூண்டு கருகவில்லை. பாஸ்தா நடுவில் துளி கடினம் இருக்கும்போதே வடித்துத் தக்காளிக்குள் போட்டுப் புரட்டினார். இறாலுக்கு மட்டும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு நிமிஷம், ஒரு நொடி கூடுதல் இல்லை. ரொம்ப அழகாக வந்தது. எதிரி மெச்சும்படி வந்தது.

வரமிளகாய் இடித்ததைத் தூவியபோது அவருக்கே ஒரு தும்மல் வந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை.

ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். முதல் வாயில் எல்லாருடைய புருவமும் உயர்ந்தது. இரண்டாவது வாயில் மச்சினி தண்ணீருக்குக் கை நீட்டினாள். மூன்றாவது வாயில் சகலையின் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து வெளுத்துப்போனது. மனைவி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கையால் விசிறினாள்.

"என்னங்க, நெருப்பா கொட்டியிருக்கீங்க?"

"அது அப்படித்தான் இருக்கும். இத்தாலிக்காரங்க செய்யற மாதிரி" என்றார் மெக்கானிக். அவர் கண் மாமியார் தட்டை விட்டு நகரவில்லை.

மாமியார் மட்டும் சாப்பிட்டுக்கொண்டேயிருந்தார். கண்ணில் நீர் ஓடியது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அடுத்த வாய் எடுத்தார். கடைசி இறாலையும் தின்று, தக்காளியை வழித்து, தட்டைக் காலி செய்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார்.

இதற்கு மேல் மெக்கானிக்கால் பொறுக்க முடியவில்லை.

"அத்தை, நேரா கேக்கறேன். ரெண்டு பேரும் எதிர்லதான் இருக்கோம். யாரு செஞ்சது நல்லாயிருக்கு?"

சகலை கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாமியாரையே பார்த்தான். அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மாமியார் இவரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி ஒரு முழி.

"கீழ்வீட்டம்மா ஒரு தடவ நூடுல்ஸ் குடுத்தனுப்பினாங்களே," என்றார். "அது நல்லாயிருந்துச்சு."

இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கீழ்வீட்டம்மா மேல் வயிறெரிந்தார்கள். அந்த ஒரு கணம் இருவரும் ஒரு கட்சி.

மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். காரத்தில் புரையேறி, இருமி, மறுபடி சிரித்தாள். "அம்மா, மாட்டிக்கிட்டியா? எதிர்ல ரெண்டு பேரும் உக்காந்துட்டா புகழறதுக்கு ஆள் கிடைக்கலையா?"

"என்ன சொல்ற?" என்றார் மெக்கானிக்.

"எங்கள வளர்த்ததே இப்படித்தாங்க. எங்கிட்ட தங்கச்சியப் புகழும். தங்கச்சிகிட்ட என்னையப் புகழும். எதிர்ல இருக்கறவங்கள நல்லாயிருக்குன்னு சொல்லவே சொல்லாது."

சகலைக்குக் காரத்தில் உதடு வீங்கியிருந்தது. அதோடேயே வெடித்தான். "அண்ணா, பத்து நாள்ல நாலு தடவ அந்தப் பாஸ்தாவ செஞ்சேன். நாலு தடவையும் இவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'மூத்த மாப்பிள்ள கைப்பக்குவமே தனி. அவரு மீன் பொரிச்சா முள்ளக்கூடத் தின்னலாம்.' தினமும் உங்க புராணம்தான். ஒரு நாள் நான் தட்டோட எழுந்து கடைக்கே போயிட்டேன்."

மெக்கானிக் தட்டைத் தள்ளி வைத்தார். முள்ளைக்கூடத் தின்னலாமா? எப்போது? எந்த மீனை? அவர் மண்டைக்குள் ஆறு வருஷத்து மீன்களும் நீந்தின.

மாமியார் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "வார்டுல அப்படித்தான் செய்வோம்," என்றார். "சாப்பிடமாட்டேன்னு ஒருத்தர் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, 'பக்கத்துக் கட்டில்காரரப் பாருங்க, ஒரு பருக்கை விடாம சாப்பிட்டாரு'ன்னு சொல்லுவோம். இவருக்கு ரோஷம் வந்து சாப்பிடுவாரு. அந்தப் பக்கம் போய் இவரப் பத்திச் சொல்லுவோம். நேர்ல புகழ்ந்துட்டா அன்னியோட சரி, மறுநாள் மருந்த முழுங்க மாட்டாங்க. முப்பது வருஷப் பழக்கம். வீட்டுக்கு வந்தா மட்டும் போயிடுமா?"

"அப்போ நாங்கல்லாம் நோயாளியா?" என்றாள் மச்சினி.

"பின்ன? ரெண்டு பேரும் எப்படி சமைக்கக் கத்துக்கிட்டாங்க, பார்த்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். சகலை இன்னொரு சொம்புத் தண்ணீர் குடித்தான். மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. முள்ளைக்கூடத் தின்னலாம்! அப்படிப்பட்ட கையை விட்டுவிட்டு யாராவது போவார்களா? ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். போனால் போகிறது என்று சகலையின் தட்டில் இரண்டு வெள்ளரித் துண்டை எடுத்து வைத்தார், வாய் எரிச்சலுக்கு. அந்தப் பரந்த மனசு அவருக்கே பிடித்திருந்தது. உடனே இன்னொரு எண்ணமும் வந்து குத்தியது. இந்த அம்மா இவரைப் புகழ்ந்ததையெல்லாம் காதால் கேட்கக் கொடுத்துவைத்தது சகலைதான். அவருக்கு வரவேண்டிய வார்த்தைகளைப் பத்து நாள் உட்கார்ந்து அவன் கேட்டிருக்கிறான். எரிச்சலோடு கேட்டாலும், கேட்டது அவன்.

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் முன்னறைக்குப் போனார்கள். மெக்கானிக் பெரிய வாணலியைத் தொட்டியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பின்னால் மெதுவாகக் கால் இழுபடும் சத்தம். மாமியார் வந்து மேடையில் கையூன்றி நின்றார்.

"நல்லாயிருந்துச்சு மாப்பிள்ள."

மெக்கானிக் குழாயை மூடினார். "என்ன சொன்னீங்க?"

"காரம்தான் ஆளக் கொன்னுடுச்சு. ஆனா நல்லாயிருந்துச்சு. இறால் அவ்வளவு பதமா வெந்திருந்துச்சு. இன்னிக்குன்னு இல்ல. ஆறு வருஷமா நீங்க போட்ட ஒவ்வொரு சாப்பாடும் நல்லாயிருந்துச்சு. உப்பு கூடன்னு சொன்ன அன்னிக்கும்தான்."

மெக்கானிக் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். முன்னறைக்கு ஓடிப்போய்ச் சகலையைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, இன்னொரு தடவை சொல்லுங்கள் அத்தை, இவன் கேட்கட்டும் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஓரடி எடுத்தும் வைத்துவிட்டார். அப்புறம் நின்றார்.

"நேர்ல சொல்ல மாட்டோம்னு இப்பதானே சொன்னீங்க?"

"சொல்ல மாட்டோம்." மாமியார் அவர் தோளில் ஒட்டியிருந்த தக்காளித் தோலை எடுத்துத் தொட்டியில் போட்டார். "ஒரே ஒரு நாள் மட்டும் சொல்லுவோம். கட்டில காலி பண்ற அன்னிக்கு. துணிமணியெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு வாசல்ல நிப்பாங்க இல்ல, அப்ப சொல்லி அனுப்புவோம்."

மெக்கானிக் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு முட்டியைப் பார்த்தார். புடவைக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது. ஆறு மாதமாகத் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். இவர்தான் பார்க்கவில்லை.

"படி ஏற முடியல மாப்பிள்ள. நேத்து ரெண்டாவது மாடியிலயே உக்காந்துட்டேன். கீழ்வீட்டம்மாதான் வந்து தூக்கிவிட்டாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொல்லிட்டேன்."

"நான் தூக்கிட்டு வருவேன் அத்தை."

"எத்தன நாளைக்கு?"

மெக்கானிக் வாணலியை மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். மாமியார் இன்றைக்கே சின்ன மகளோடு கிளம்பப்போகிறார், நாளை மூன்று மணிக்கு அந்த மேஜையில் ஒரு தட்டுதான் இருக்கும் என்பது மட்டும் புரிந்தது. அதே மூன்று மணிக்கு இன்னொரு வீட்டில், தரைத்தளத்தில், இரண்டே படி ஏறினால் வந்துவிடுகிற மேஜையில், இந்த அம்மா சகலைக்கு எதிரே உட்கார்ந்து அவன் உப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். அவன் சட்டையில் பொத்தான் இல்லை என்று திட்டுவார். நினைக்கவே பற்றி எரிந்தது. பதினேழு மிளகாயும் இப்போதுதான் உள்ளே போய்ச் சேர்ந்த மாதிரி இருந்தது.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"சகலைகிட்ட மட்டும் இத நேர்ல சொல்லிடாதீங்க."

சொல்லாமலே இருந்தால், மாமியார் சகலை வீட்டுக் கட்டிலைக் காலி செய்யவேயில்லை, கடைசிவரை அங்கேயே இருப்பார் என்றுதான் அர்த்தம். அது மெக்கானிக்குக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் கேட்டார்.

மாமியார் மேடையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே முன்னறைக்குப் போனார்.